மழை வருமுன் ஊசி வேண்டும்!

சென்ற ஐப்பசியில் கீழத்தஞ்சையில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். விவசாயத் தொழிலாளி ஒருவரின் குடிசை வாசலில் முளைக்குச்சி இருந்தது; மாடு இல்லை. முந்தின நாள் மாலை தீவனத்தைத் தொடாமல் நின்ற கறவை எருமை, மறுநாள் உச்சிப் பொழுதுக்குள் செத்துவிட்டது. தொண்டை வீங்கி, நாக்குத் தள்ளி, மூச்சுக்குத் தவித்துச் செத்தது என்றார் வீட்டுக்கார அம்மாள்.

"சங்கக் கடனில் வாங்கின மாடு அய்யா. மாடு போச்சு, கடன் போகலையே!" என்றார்.

தெருவில் சிலர் இதை விதி என்றார்கள். சிலர் கண்ணேறு என்றார்கள். கால்நடை இலாகாவின் மேலதிகாரி ஒருவரைக் கேட்டபோது, "ஜனங்களுக்கு மாடு வளர்க்கத் தெரியவில்லை, அறியாமைதான் காரணம்" என்றார். முதலில் கண்டிக்க வேண்டியது இந்தக் கடைசிப் பதிலைத்தான். விதி என்று அழுகிறவர்கள் மாட்டைப் பறிகொடுத்த ஏழைகள். அறியாமை என்று பழி சுமத்துகிறவரோ, மாட்டைக் காப்பதற்கென்று ஜனங்களின் வரிப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்!

நோய் எப்படி வருகிறது?

எருமையைக் கொன்றது தொண்டை அடைப்பான். பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியாவால் வரும் நோய் இது. நன்றாகத் தோன்றும் சில மாடுகளின் தொண்டையிலேயே இந்தக் கிருமி அடங்கிக் கிடக்கும். மழையில் நனைந்து, வேலையில் களைத்து, அரை வயிற்று வைக்கோலில் மெலிந்து மாட்டின் சக்தி குன்றும்போது அது தலைதூக்குகிறது. ரத்தத்திலும் நுரையீரலிலும் பரவுகிறது. மூக்குச் சளி, எச்சில், ஒரே தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் வழியாக அடுத்த மாட்டைத் தொற்றுகிறது. ஈர மண்ணிலும் சில காலம் உயிரோடிருக்கிறது. கடும் ஜுரம், வாயில் நீர் வடிதல், தொண்டை வீக்கம், குறட்டை போன்ற மூச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். இவை கண்டபின் பெரும்பாலும் ஒரு நாளோ இரண்டு நாளோதான் அவகாசம். ஆரம்பத்திலேயே டாக்டர் மருந்து கொடுத்தால் பிழைக்கலாம். தாமதித்தால் பிழைப்பது அரிது. பசுவைவிட எருமைக்கு ஆபத்து அதிகம்.

இந்தக் கிருமியின் வேறு வகைகளும், இதன் இனத்தைச் சேர்ந்த மற்றக் கிருமிகளும் கன்றுகளுக்கு நிமோனியா காய்ச்சலைக் கொண்டுவருகின்றன. காற்றோட்டமில்லாத நெருக்கமான கொட்டகை, மூத்திர நெடி தேங்கிய ஈரத் தரை, பிறந்தவுடன் சீம்பால் கிடைக்காத கன்று ஆகிய இடங்களில்தான் அது சுலபமாக நுழைகிறது.

தெரிந்தால் மட்டும் போதுமா?

மாடு வைத்திருப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன. அதை நாம் மறுக்கவில்லை. நோய்ப்பட்ட மாட்டைத் தனியே கட்ட வேண்டும். தண்ணீரும் தனியே வைக்க வேண்டும். தொண்டை வீங்கிய மாட்டுக்கு மூங்கில் குழாயால் கஷாயம் புகட்டக் கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கி மாட்டைக் கொன்றுவிடும். செத்த மாட்டை வாய்க்காலில் தள்ளாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும். கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். சந்தையில் வாங்கிய மாட்டைச் சில வாரம் மற்ற மாடுகளோடு சேர்க்கக் கூடாது. இவற்றை நமது விவசாயிகள் சங்கத் தோழர்கள் தெருத் தெருவாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் அதிகாரியைக் கேட்கிறோம். இரண்டு சென்ட் மனைக்கட்டில் குடும்பமே ஒண்டிக் கிடக்கும்போது, நோய் மாட்டை எங்கே தனியே கட்டுவது? சொந்த நிலமே இல்லாதவர் செத்த மாட்டை எங்கே புதைப்பது? பாலையெல்லாம் விற்றால்தான் கடன் தவணை கட்டலாம் என்ற வீட்டில் கன்றுக்கு என்ன மிஞ்சும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, தடுப்பூசியை விவசாயி வீட்டு அடுப்பில் காய்ச்சிக்கொள்ள முடியுமா? 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரிலேயே வைத்துக் கொண்டுவர வேண்டிய மருந்து அது. போட்ட அன்றே காப்பும் வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். ஐப்பசியில் அடைமழை பிடிக்கும் டெல்டாவில் ஆவணிக்குள் ஊசி போட்டு முடித்தாக வேண்டும். நான் போன கிராமத்துக்கு எப்போது ஊசி வந்தது தெரியுமா? கார்த்திகையில்! அந்த ஊருக்குரிய டாக்டர் இன்னொரு டிஸ்பென்சரிக்கும் சேர்த்துப் பொறுப்பு பார்க்கிறார். அவர்மீது நமக்குக் கோபமில்லை. இரண்டு ஆள் வேலையை ஒருவர் தலையில் கட்டிய சர்க்கார் மீதுதான் கோபம். இதில் அறியாமை யாருடையது?

முடியாத காரியமா?

1932ல் ராணிப்பேட்டையில் சீரம் நிலையம் தொடங்கப்பட்டது. மாட்டினத்தையே வாரிக்கொண்டு போன வெக்கை நோயை எதிர்க்கத்தான் அது பிறந்தது. அந்த வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011ல் அறிவிக்கப்பட்டது. பொதுப் பணத்தில் ஆராய்ச்சி நடந்தது, பொது நிலையங்களில் மருந்து தயாரானது, ஊழியர்கள் கிராமம் கிராமமாக நடந்து ஊசி போட்டார்கள். அதனால் ஒழிந்தது!

தொண்டை அடைப்பான் அப்படி ஒரேயடியாக ஒழியாது. கிருமி நல்ல மாட்டின் தொண்டையிலேயே ஒளிந்திருக்கிறது. ஊசியின் காப்பும் ஒரு வருஷத்துக்கு மேல் நிற்பதில்லை. ஆகவேதான் வருஷந்தோறும், மழைக்கு முன், தவறாமல் ஊசி வேண்டும் என்கிறோம்.

பணமில்லையா? 2019ல் டில்லி சர்க்கார் கோமாரிக்கும் புரூசெல்லா நோய்க்கும் 5 ஆண்டுகளுக்கு ரூ.13,343 கோடியில் ஒரு திட்டம் அறிவித்தது. அது வேண்டாமென்று நாம் சொல்லவில்லை; கோமாரியும் ஏழையின் மாட்டைத்தான் வாட்டுகிறது. ஆனால் கோமாரி உள்ள நாட்டின் இறைச்சியை வாங்க அன்னிய மார்க்கெட்டுகள் தயங்குகின்றன என்பதும் உண்மை. தொண்டை அடைப்பான் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. ஏற்றுமதி வியாபாரியின் நஷ்டம் டில்லியின் காதில் விழுகிறது. குடிசை வாசலில் எருமை மூச்சுத் திணறுவது விழவில்லை!

2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 95 லட்சம் மாடுகளும் 5 லட்சம் எருமைகளும் இருந்தன. நிலமற்ற குடும்பத்துக்கு மாடுதான் நிலம். அதுவே பாங்கி, அதுவே இன்ஷூரன்ஸ்.

நமது கோரிக்கை

ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன், தேதி குறித்து, ஒவ்வொரு தெருவிலும் இலவச ஊசி போட வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை மாட்டுக்குப் போட்டார்கள் என்ற கணக்கைப் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்ட வேண்டும். காலியான டாக்டர் இடங்களை நிரப்ப வேண்டும். தடுப்பு மருந்து உற்பத்தி பொதுத்துறையிலேயே பெருக வேண்டும். நோயில் மாட்டை இழந்தவரின் கடனைத் தள்ளி, நஷ்டஈடு கொடுக்க வேண்டும். பொது மேய்ச்சல் நிலத்தை ஆக்கிரமிப்பாளரிடமிருந்து மீட்டு, நோய் மாட்டைக் கட்டவும் செத்ததைப் புதைக்கவும் அதில் இடம் ஒதுக்க வேண்டும்.

தோழர்களே! ஆடி பிறந்ததும் உங்கள் ஊர் மாடுகளைக் கணக்கெடுங்கள். பட்டியலோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி வரும் தேதியை எழுத்தில் வாங்காமல் திரும்பாதீர்கள். மழை யாருக்காகவும் காத்திராது. நாமும் காத்திருக்க வேண்டாம்!