வெறுமையாய் விட்ட இடம்

போன கிழமை ஹரோவில் ஒரு பழைய சாமான் கடையில் உலகப்படம் ஒன்றின் அச்சுப் பிரதி வாங்கினேன். கியோம் டெலில் என்ற பிரெஞ்சுக்காரர் 1700இல் பாரிசில் வெளியிட்டது. வியாழனின் சந்திரன்கள் மறையும் நேரத்தைப் பார்த்துத் தீர்க்கரேகை கணித்தவர்களின் அளவுகளை வைத்து வரைந்த படம். பழைய படங்களில் அளவுக்கு மீறி நீண்டு கிடந்த மத்தியதரைக் கடலைச் சுருக்கியவர் இவர்.

இவருக்குப் பின் வந்தவர் தான்வில் (1697-1782). பாரிசை விட்டு அதிகம் வெளிக்கிடாத மனுசன். ஆனால் தெரியாத இடத்தில் யானையும் மலையும் கீறி நிரப்பமாட்டார். 1749இல் வந்த அவரின் ஆபிரிக்கப் படத்தில் நடுப்பகுதி பெரும்பாலும் வெறுமை!

எனக்கு அவரைத்தான் பிடிக்குது. ஏனென்று கேட்கிறீர்களா?

நாங்களும் இங்கே இருந்துகொண்டு ஊருக்குப் படம் கீறுகிறவர்கள்தானே. நான் வெளிக்கிட்டது 1986இல். அந்த வருசத்து ஊரை வைத்துக்கொண்டு, "அங்கத்தைய சனம் இப்பிடித்தான் செய்யவேணும்" என்று கலியாண வீடுகளில் தீர்ப்புச் சொல்கிறேன்.

படத்தை மாட்டிவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். கோயிலடி ஒழுங்கையைப் பற்றிக் கதை வந்தது.

"அந்த ஒழுங்கை இப்ப இல்லையடா தம்பி. உனக்குச் சொல்லேல்லையே?"

நான் கேட்கவே இல்லை. அதுதான் உண்மை.

தெரியாததை வெறுமையாய் விடுவோம். நிரப்ப வேண்டுமென்றால் அங்கே இருக்கிறவர்களைக் கேட்டு நிரப்புவோம். தான்வில் செய்ததும் அதுதான், போய்வந்தவர்களைக் கேட்டார்.