பூட்டிய விதை, பூட்டிய ரேடியோ

2016 டிசம்பர் 12. வர்தா புயல் அடித்த நாள். வாலாஜாபாத் பக்கம் எங்கள் ஊரில் மத்தியானமே கரண்ட் போச்சு, சாயங்காலத்துக்குள் செல்போன் டவரும் போச்சு. நான் நிலத்துக்கு வந்து இரண்டாவது வருஷம். சீரகச் சம்பா பால் பிடிக்கிற நேரம். புயல் கரையைக் கடந்ததா, இன்னும் மழை இருக்கா, வடிகாலைத் திறந்து விடலாமா, எதுவும் தெரியவில்லை. கையில் இருந்த ஸ்மார்ட்போன் டார்ச் லைட்டாகத்தான் பயன்பட்டது. கடைசியில் சேதி சொன்னது பக்கத்து வயல் பெரியவரின் மாட்டுக் கொட்டகையில் தொங்கிய பழைய டிரான்சிஸ்டர். இரண்டு பேட்டரி செல். அவ்வளவுதான்.

அந்த டிரான்சிஸ்டருக்கு இப்போது வேறு ஒரு சிக்கல் வந்திருக்கிறது. ஆகாசவாணி தன் மத்திய அலை ஒலிபரப்பில் 35 டிரான்ஸ்மிட்டர்களை டி.ஆர்.எம். என்கிற டிஜிட்டல் முறைக்கு ஏற்றதாக அமைத்தது. சென்னையும் அதில் உண்டு. நல்ல தொழில்நுட்பம்தான், நான் குறை சொல்லவில்லை. குறைந்த மின்சாரத்தில் அதிக தூரம் போகும், ஒலி எஃப்.எம். மாதிரி தெளிவாக இருக்கும், ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை அனுப்பலாம், கூடவே எழுத்துச் செய்தியும் அனுப்பலாம். பேரிடர் எச்சரிக்கைக்கென்று தனி ஏற்பாடே அதில் இருக்கிறது. ஆனால் பெரியவரின் டிரான்சிஸ்டரில் இது வெறும் 'சர்ர்ர்' என்ற இரைச்சலாகத்தான் கேட்கும். புதுக் கார்கள் பலவற்றில் இந்த ரேடியோ வருகிறது. வரப்பில் நடக்கிறவனுக்கு? சாதாரண விலையில் ஒரு பெட்டி வாங்கலாம் என்று காஞ்சிபுரத்தில் நான் ஏறி இறங்கிய கடைகளில் யாரும் அதைக் கேள்விப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை.

சரி, நாமே செய்துகொள்ள முடியுமா என்று இறங்கினேன். என் தங்கை மகன் டிப்ளமோ படித்தவன், அவன்தான் வழி காட்டினான். டி.வி. பார்ப்பதற்காகச் செய்த, கட்டைவிரல் அளவு யு.எஸ்.பி. கருவி ஒன்று உண்டு. அதன் உள்ளே இருக்கும் சிப்பை எந்த அலையையும் பிடிக்கிற பொது ரேடியோவாக மாற்றலாம் என்று 2012 வாக்கில் சில நிரலாளர்கள் கண்டுபிடித்து ஊருக்கே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பெயர் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். நான் வாங்கியது 3,800 ரூபாய். அதைப் பழைய லேப்டாப்பில் சொருகி, லினக்ஸ் போட்டு, ஜி.க்யூ.ஆர்.எக்ஸ். என்ற இலவச மென்பொருளை நிறுவினோம். எஃப்.எம். உடனே வந்தது. ஓ.டி.ஜி. ஒயர் போட்டு ஆண்ட்ராய்டு போனிலும் இதைச் செய்யலாம். எஸ்.டி.ஆர். பிளஸ் பிளஸ் என்று ஒரு திறந்த மென்பொருள் இருக்கிறது, அது கம்ப்யூட்டரிலும் போனிலும் ஓடும். போன் பேட்டரிதான் சீக்கிரம் காலியாகும்.

மத்திய அலைக்கு வந்தபோதுதான் வேலை வாங்கியது. இந்தக் கருவியின் இயல்பான எல்லை 24 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. மத்திய அலையோ 1.6-க்குக் கீழே. அதனால் கீழ் அலையை நேரடியாக எடுக்கும் வசதி உள்ள மாடல் வேண்டும், வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். ஆன்டெனாவுக்குத் தென்னைக்கும் வேம்புக்கும் நடுவில் 15 மீட்டர் ஒயர் கட்டினோம். கேட்டால் நொடிக்கு ஒரு தடவை 'டிக், டிக்'. என்னடா என்று தேடினால், பன்றிக்காக நான் போட்ட சோலார் வேலி! அதை நிறுத்தினால் அடுத்து எல்.இ.டி. பல்பு, அப்புறம் இன்வெர்ட்டர். பழைய ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவில் குரல் கேட்கும். டிஜிட்டலில் அப்படி இல்லை, ஒரு அளவுக்குக் கீழே போனால் சுத்தமாக ஊமை. புயல் நேரத்தில் இது ஒரு குறைதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

டிஜிட்டல் அலையைப் பிரித்துக் குரலாக மாற்ற ட்ரீம் என்று ஒரு மென்பொருள். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம். மாற்றித் தருகிறவர், மாற்றியதையும் அதே உரிமையோடு தர வேண்டும். நெல் ஜெயராமன் விதைத் திருவிழாவில் இரண்டு கிலோ கொடுத்து, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னாரே, கிட்டத்தட்ட அதே கணக்கு. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நிறுவினோம். திரையில் அலை தெரிகிறது, நிலையத்தின் பெயர் தெரிகிறது, குரல் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போச்சு. சாயங்காலம்தான் விஷயம் புரிந்தது. டி.ஆர்.எம். என்ற முறையின் விவரம் முழுவதும் வெளியிடப்பட்டது, யாரும் படிக்கலாம். ஆனால் அதற்குள் குரலைச் சுருக்கி அனுப்பும் முறை காப்புரிமைக்கு உட்பட்டது. அதனால் அந்த ஒரு துண்டை மட்டும் மென்பொருளோடு சேர்த்துத் தர மாட்டார்கள், நாமே வேறு இடத்தில் தேடி எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். தங்கை மகன் ஒட்டினான். ராத்திரி எட்டரைக்கு லேப்டாப்பில் தமிழ் கேட்டது. என் மனைவி, "இதைத்தான் பக்கத்து வீட்டு ரேடியோவில் தினம் கேக்கறோமே" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. நிலம் நம்முடையது, தண்ணீர் நம்முடையது, உழைப்பு நம்முடையது, விதையில் மட்டும் பூட்டு என்றால் நாம் சும்மா இருந்தோமா? 2001-இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் உழவனுக்கு உரிமை உண்டு என்று எழுத வைத்தோம். இங்கே ஆகாசவாணி மக்கள் வரிப் பணத்தில் நடக்கிறது. டிரான்ஸ்மிட்டர் நம் பணம். காற்றும் பொது. கேட்கிற கடைசி இடத்தில் மட்டும் ஒரு பூட்டு. பொதுப் பணத்தில் ஒலிபரப்புகிறவர்களே அந்த உரிமைக் கட்டணத்தைத் தீர்த்து, கேட்கும் மென்பொருளைத் திறந்த வடிவில் மக்களுக்குத் தர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. நம் இயக்கம் இதைத் தீர்மானமாகவே போடலாம்.

வங்கியில் முப்பது வருஷம் இருந்தவன் நான். கம்ப்யூட்டர் வந்தபோது சங்கத்தில் எதிர்த்தோம், வேலை போய்விடும் என்று. வேலை போகவில்லை. போனது வேறு. லெட்ஜர் இருந்த காலத்தில் வட்டிக் கணக்கில் தப்பு என்றால் நானே பக்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்து விவசாயிக்குச் சொல்வேன். பிறகு 'சிஸ்டம் அப்படித்தான் காட்டுது' என்று சொல்லிப் பழகினேன். உள்ளே என்ன நடக்கிறது என்று மேனேஜருக்கும் தெரியாது. கிளைக்கு வந்த எத்தனை பேரை அந்த ஒரு வாக்கியத்தால் திருப்பி அனுப்பினேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் திறந்து பார்க்க முடியாத பெட்டி எதைக் கண்டாலும் எனக்குச் சந்தேகம்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி, "யூடியூப்ல எல்லாமே இருக்கே சார், ரேடியோ எதுக்கு?" என்றார். யூடியூப் பார்க்கிறேன், நானும்தான். ஆனால் குருத்துப்புழு பற்றி ஒரு வீடியோ பார்த்தால் மறுநாள் பூச்சிமருந்து விளம்பரம் வந்து நிற்கிறது. நீங்கள் பார்ப்பதை அது பார்க்கிறது. ரேடியோ கேட்கிறவன் யார், எங்கே இருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. டவர் விழுந்தாலும் அது கேட்கும்.

இன்னொரு நண்பர் கேட்டது இன்னும் கூர்மை. ஏ.டி.டி.-27 நெல்லைத் திருச்சி வானொலி ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியது. தஞ்சைப் பக்கம் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர். "யூரியாவைக் கொண்டுவந்து சேர்த்ததே ரேடியோதானே, அதுக்கா இவ்வளவு பாடு?" உண்மைதான். மறுக்கவில்லை. ஒரு ரகத்தையே தன் பெயரால் கூப்பிட வைக்கிற பலம் அதற்கு இருந்தது. அந்தப் பலத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டால் அது யார் கைக்குப் போகும்? டி.ஆர்.எம்.-இல் எழுத்துச் செய்தி வசதி இருக்கிறது என்றேனே, செவ்வாயும் வெள்ளியும் வானிலைத் துறை தரும் மாவட்ட வேளாண் வானிலை அறிக்கையை அப்படியே தமிழில் அதில் அனுப்பலாம். கேட்க நாம் தயாராக இருந்து, கேட்டால்தானே அனுப்புவார்கள்.

ஆளுக்கு ஒன்று வாங்கச் சொல்லவில்லை. குழுவுக்கு ஒரு பழைய லேப்டாப், ஒரு கருவி, ஒரு ஒயர் போதும். படித்த பையனோ பெண்ணோ ஊரில் கட்டாயம் இருப்பார்கள், அவர்களிடம் கொடுங்கள். போனில் முயல்கிறவர்கள் முதலில் உங்கள் போனிலேயே எஃப்.எம். ரேடியோ இருக்கிறதா என்று பாருங்கள். போன்களில் அதை அடைத்து வைக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசே கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. ஹெட்போன் ஒயரைச் சொருகினால்தான் அது வேலை செய்யும், ஒயர்தான் அதற்கு ஆன்டெனா.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு லேப்டாப்பைக் கொண்டுவருகிறேன். வேலிக் கருவியிலிருந்து தள்ளி ஒரு இடம் மட்டும் பார்த்து வையுங்கள்.