பாலுக்கும் தீட்டா?

ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு வீட்டுவிலக்குத் திரும்பியதும், "தீட்டுப் பால் ஆகாது" என்று மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பாலை மறக்கடிக்கச் சொல்லும் பெரியவர்களை ஒன்று கேட்கிறோம். மூன்று நாள் கெட்ட பால் நான்காம் நாள் தலைமுழுகினால் நல்லதாகிவிடுமா?

விஷயம் யாதெனில், பிள்ளை அடிக்கடி சப்பிக் குடிக்கும்வரை கருமுட்டை முதிர்வது அடங்கியிருக்கிறது. சோறு தின்னத் தொடங்கி, இராப்பால் குறைந்ததும் விலக்குத் திரும்புகிறது. அவ்வளவே. சிலருக்கு அந்நாட்களில் பால் சற்றுக் குறையலாம், கெடுவதில்லை. 2 வயதுவரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாமென்றே உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது.

கவனிக்கவேண்டியது வேறொன்று உண்டு. "விலக்கு வரவில்லை, கரு தங்காது" என்று பல புருஷர்கள் சும்மாயிருந்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு 6 மாதம் ஆகும்வரை, இரவும் பகலும் தாய்ப்பாலே ஆகாரமாக இருந்து, விலக்கும் வராதிருந்தால்தான் அந்தக் கணக்குச் செல்லும். பிறகு, முதல் விலக்குக்கு முன்பே கரு தங்கிவிடக்கூடும்.

எனவே, துறைமுகத்திலும் எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளிலும் பாடுபடும் தோழர்களே! இராயபுரம் ராஜா சர் ராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. காப்பர்-டி போன்ற சாதனம் பால் கொடுக்கும் தாய்க்கும் ஆகும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசில்லை. அடுத்த பிள்ளை வேண்டுமா, எப்போது வேண்டும் என்று முதலில் மனைவியைக் கேளுங்கள். சுமப்பவள் அவளானால், தீர்மானமும் அவளுடையதாகவே இருக்கவேண்டும்.