தவறி விழுந்தார்! தவறு யாருடையது?

மாடியில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளி தவறி விழுந்து மாண்டார் என்று பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரிச் செய்தி அடிக்கடி வருகிறது. போலீசார் வந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். காண்டிராக்டர் அந்தக் குடும்பத்தின் கையில் கொஞ்சம் பணத்தைத் திணிக்கிறார். மறுநாள் காலை அதே கூரையில், அதே விளிம்பில் வேறொரு தொழிலாளி ஏற்றப்படுகிறான்.

"தவறி" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் ஒளிந்துகொள்கிறார்கள், பாருங்கள்! கால் தவறியது தொழிலாளிக்கு. ஆகவே தவறும் அவனுடையதே என்று விவகாரம் தீர்ந்துவிடுகிறது. கட்டடத்தின் சொந்தக்காரர் தப்பினார்; காண்டிராக்டர் தப்பினார்; கண்டும் காணாமலிருந்த அதிகாரியும் தப்பினார். செத்தவன் மட்டுமே குற்றவாளி!

இந்த நியாயத்தை நாம் ஏற்க முடியாது. மனிதனுடைய கால் வழுக்கத்தான் செய்யும். மழைக்காலத்தில் மாடியில் பாசி படியும். சித்திரை வெயிலில் தலை சுற்றும். கையில் பிடித்த தகட்டைக் காற்று இழுக்கும். பின்னால் நகர்ந்துகொண்டே வேலை செய்பவனுக்கு முதுகில் கண் இல்லை. 20 அடி உயரத்திலிருந்து விழுகிறவன் தரையைத் தொட ஏறத்தாழ 1.1 விநாடிதான் ஆகிறது. அப்போது அவனுடைய வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். "ஐயோ" என்று கத்தி முடிக்கக்கூட நேரமில்லை. ஆகவே, கால் ஏன் வழுக்கியது என்பதல்ல கேள்வி. வழுக்கிய காலுக்கும் தரைக்கும் நடுவே என்ன தடுப்பு இருந்தது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி முன்னெப்போதையும் விட இன்று அவசரமானது. வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகள் பொருத்தும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 1 கோடி வீடுகள் இலக்கு. 75,021 கோடி ரூபாய் செலவுத் திட்டம். சூரியனிடமிருந்து மின்சாரம் எடுப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் 1 கோடி கூரைகள் என்றால், அத்தனை கூரைகளிலும் யாரோ ஏறியாக வேண்டும். ஓர் ஆள் உயரத் தகட்டைச் சுமந்துகொண்டு விளிம்போரம் நடந்தாக வேண்டும். பிறகு அதைத் துடைக்கவும் பழுது பார்க்கவும் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்க வேண்டும். திட்டத்தைப் பற்றிய விளம்பரங்களில் மின்கட்டணக் கணக்கு உண்டு, மானியக் கணக்கு உண்டு. கூரையில் நிற்கும் மனிதனைப் பற்றிய கணக்கு எங்கே?

"பெல்ட் கொடுத்திருக்கிறோமே!" என்று முதலாளிகள் சொல்வார்கள். பெல்ட் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தடுப்பு வைக்கவே முடியாத இடத்தில் பெல்ட்தான் கதி. ஆனால் உண்மையை உள்ளபடி பார்ப்போம். பெல்ட் விழுவதைத் தடுப்பதில்லை. விழுந்தவனைப் பிடிக்கப் பார்க்கிறது. 6 அடிக் கயிறு, அதிர்ச்சியைத் தாங்க அது மேலும் நீளும் மூன்றரை அடி, மனிதனின் உயரம், கொஞ்சம் இடைவெளி எல்லாம் சேர்த்தால் கயிறு கட்டிய இடத்துக்குக் கீழே சுமார் 18 அடி வெற்றிடம் வேண்டும். 15 அடி உயரக் கூரையில், காலடியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலை செய்பவன், கயிறு பிடிக்குமுன்பே தரையில் கிடப்பான்! அந்தக் கயிற்றைக் கட்ட உறுதியான கொக்கி எத்தனை கூரைகளில் இருக்கிறது? இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் நொறுக்கும். விழுபவனைப் பிடிப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கா 1998 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. நம் ஊரில் அதைத்தான் பல இடங்களில் "பாதுகாப்பு" என்று கொடுக்கிறார்கள்.

பெல்ட் ஒருவனைக் காக்கிறது, அதுவும் அவன் மறக்காமல் மாட்டினால். தடுப்புக் கம்பி கூரையில் ஏறும் எல்லோரையும் காக்கிறது: கொத்தனாரை, சித்தாளை, தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவரை, நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்த வாலிபனை. எல்லோரையும் சேர்த்துக் காக்கும் ஏற்பாட்டுக்கே முதலிடம், தனி ஆளுக்கான கருவி அதற்குப் பிறகுதான் என்று பிரிட்டனின் 2005-ம் ஆண்டு விதிகள் திட்டவட்டமாகக் கூறுகின்றன. பெல்ட்டை மட்டும் கொடுத்தால், விபத்து நடந்ததும் "அவன் மாட்டவில்லை" என்று சொல்லிக் கைகழுவலாம். கம்பி வைக்காவிட்டால் அப்படிச் சொல்ல வழியில்லை. பெல்ட்டின் மீது முதலாளிகளுக்கு உள்ள மோகத்தின் ரகசியம் இதுதான்.

எப்படிப்பட்ட தடுப்பு வேண்டும்? கண்துடைப்புக்காகக் கட்டும் வண்ண நாடா தடுப்பல்ல. முழங்கால் உயரமுள்ள 2 அடிக் கைப்பிடிச் சுவரும் தடுப்பல்ல. அது காலை இடறி ஆளை வெளியே தள்ளிவிடும். தடுப்பு இடுப்புக்கு மேலே இருக்க வேண்டும். அமெரிக்கக் கட்டுமான விதிப்படி மேல் கம்பியின் உயரம் 42 அங்குலம், அதாவது மூன்றரை அடி. 3 அங்குலம் கூடலாம், குறையலாம். குனிந்து வேலை செய்பவன் அடியில் நழுவாமலிருக்கப் பாதி உயரத்தில் ஒரு நடுக்கம்பி. சுத்தியலும் செங்கல்லும் உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழாமலிருக்கக் காலடியில் மூன்றரை அங்குலப் பலகை. வெளிப்புறமாக 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ விசையுடன் தள்ளினாலும் மேல் கம்பி தாங்க வேண்டும். இரும்புக் குழாயானால் ஒன்றரை அங்குலக் குழாய். தூணுக்குத் தூண் 8 அடிக்கு மேல் போகக் கூடாது. எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடிய வேலைதான் இது!

கூரைக்கேற்ற தடுப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். தொடர்ந்து ஆட்கள் ஏறும் கான்கிரீட் மாடியில் போல்ட் போட்டு நிரந்தரமாகப் பொருத்துவதே சிறந்தது. துளை போட்டால் தளம் ஒழுகும் என்பவர்களுக்கு, அடியில் எடைக்கட்டை வைத்துத் தானே நிற்கும் கம்பி இருக்கிறது. ஆனால் அது தட்டையான மாடிக்கு மட்டுமே. சாய்வான கூரையில் வழுக்கிக்கொண்டு போய்விடும். சில நாள் வேலைக்குச் சுவரைக் கவ்விப் பிடிக்கும் தூண்கள் போதும். ஆனால் காரை உதிர்ந்த பழைய செங்கல் சுவரை நம்பி அவற்றை மாட்டுவது மரணப் பொறி. சாய்வுக் கூரையில் சறுக்கி வருபவன் கம்பிகளின் நடுவே புகுந்துவிடுவான்; அங்கே கம்பிவலையோ பலகை அடைப்போ வேண்டும்.

ஆலைக் கொட்டகைகளில் விளிம்பு மட்டுமல்ல, நடுக்கூரையே படுகுழி. ஆஸ்பெஸ்டாஸ் தகடு மனிதனைத் தாங்காது. வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் தகடோ அழுக்குப் படிந்து மற்றத் தகடுகளைப் போலவே தோற்றமளிக்கும். கால் வைத்தவன் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் மேல் விழுவான். அவற்றின் மேல் கம்பிவலை மூட வேண்டும். நடக்கப் பலகைப் பாதை போட வேண்டும். ஏணி வந்து சேரும் இடத்தில் தானே மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். தடுப்பைப் பொருத்தப் போகும் தொழிலாளியும் மனிதனே. அவனுக்குச் சாரமோ, தூக்கு மேடையோ கொடுத்த பிறகே அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

"செலவாகுமே" என்கிறார்கள். சிமெண்டுக்கு ஆகும் செலவை யாராவது மறுக்கிறார்களா? தடுப்புச் செலவை டெண்டரிலேயே தனி இனமாகச் சேர்த்துவிட்டால், தொழிலாளியின் உயிரைக் குறைத்து விலை கேட்கும் போட்டி ஒழியும். இன்றோ, பாதுகாப்பு செய்யும் நாணயமான காண்டிராக்டர் டெண்டரில் தோற்கிறார்; செய்யாதவர் ஜெயிக்கிறார்!

சட்டம் என்ன சொல்கிறது? கட்டுமானத் தொழிலாளருக்கான 1996-ம் ஆண்டுச் சட்டம் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களைத் தொடவில்லை. அதையும் இன்னும் 12 சட்டங்களையும் விழுங்கி 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் பொதுவாக அதே 10 பேர் என்ற கோட்டையே வைத்திருக்கிறது. கட்டுமான இடத்தில் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்பதற்கோ 250 தொழிலாளர் வேண்டும். வீட்டு மாடியில் மின்தகடு பொருத்த நாலு பேர் போகிறார்கள். புவியீர்ப்பு விசை நாலு பேரா, நாற்பது பேரா என்று எண்ணிப் பார்த்துத்தான் இழுக்கிறதா?

தொழிலாளி இறந்தால் உதவித்தொகை கொடுக்க நல வாரியம் இருக்கிறது. அதற்காகக் கட்டடச் செலவில் 1 சதவீதம் வரி வசூலாகிறது. போராடிப் பெற்ற உரிமை அது, விட்டுவிட மாட்டோம். ஆனால் விழுந்த பின் கொடுக்கும் பணத்தைவிட, விழாமல் காக்கும் கம்பி மேலானது என்பதை எந்தத் தாயும் சொல்வாள்.

ஆகவே நாம் கோருவது இவைதான்: சூரிய மின்தகடு மானியம் பெறும் ஒவ்வொரு வேலையிலும் விளிம்புத் தடுப்பு கட்டாய நிபந்தனையாக வேண்டும். சர்க்கார் டெண்டர்கள் அனைத்திலும் அதற்குத் தனித்தொகை வேண்டும். 10 பேர் என்ற கோடு உயரத்தில் செய்யும் வேலைக்குப் பொருந்தாது என்று அறிவிக்க வேண்டும். எந்தக் கூரைக்கு எந்தத் தடுப்பு என்று முடிவு செய்யும்போது, அங்கே ஏறும் தொழிலாளர்களைக் கேட்க வேண்டும். எந்த மூலை வழுக்கும், எந்தத் தகடு முறியும் என்பது அலுவலக மேஜைக்குத் தெரியாது. அவர்களுடைய கால்களுக்குத் தெரியும்.

சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. தடுப்பு இல்லாத கூரையில் ஏற மாட்டேன் என்று ஒரு தொழிலாளி தனியாகச் சொன்னால், மேஸ்திரி அவனை அனுப்பிவிட்டு வேறு ஆளை அழைப்பான். எல்லோரும் சேர்ந்து சொன்னால் கம்பி வரும். முதலில் தடுப்பு, பிறகு வேலை! இந்தக் குரல் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒலிக்கட்டும்.