மந்திரத்துக்கு யார் விலை கொடுப்பது?

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி அறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் கதை வாசிக்கிறோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். அன்னூர், சோமனூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். போன மாதம் ஆறு பேர் பேண்டஸி கதை எழுதி வந்திருந்தார்கள். நான்கு கதைகளில் நாயகன் ஏழைக் குடிசையில் வளர்கிறான். அவன் கை நீட்டினால் தீ எழுகிறது, காற்று திரும்புகிறது. எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் ஒரு கிழவர் வந்து சொல்கிறார்: "நீ அரச வம்சமப்பா."

எழுதியவர்களில் மூன்று பேர் நம் பிள்ளைகள். எங்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவர்கள்மேல் அல்ல.

மந்திர அமைப்பை நம்பும்படி உருவாக்குவது எப்படி என்று சொல்லித்தர இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் எழுதியதுதான் பலருக்கும் பாடம்: மந்திரத்தின் விதிகள் வாசகருக்கு எவ்வளவு தெளிவோ, அந்த அளவுக்குத்தான் அதை வைத்துக் கதையின் சிக்கலைத் தீர்க்கலாம். மந்திரத்துக்கு எல்லை வேண்டும், விலை வேண்டும் என்பதும் அவர் வாதம். நல்ல பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விதியை எழுதியவன் யார், அந்த விலையைக் கொடுப்பவன் யார் என்ற கேள்விகளை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மதுரைவீரனை எடுத்துக்கொள்வோம். கொங்குப் பகுதி அருந்ததியர் குடியிருப்புகளில் அவன் சாமி. கதையில் அவன் பொம்மியைக் காதலித்துத் தூக்கிப்போகிறான், கள்வர்களை அடக்குகிறான், மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான், செத்தபின் தெய்வமாகி மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே நிற்கிறான். இத்தனை ஆற்றல் ஒரு சக்கிலியர் வீட்டுப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? அச்சான கதை பதில் வைத்திருக்கிறது: அவன் காசி ராஜா மகனாம். கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாதென்று காட்டில் விட்டார்களாம். சக்கிலியர் தம்பதி எடுத்து வளர்த்தது மட்டும்தானாம். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அரசகுலப் பிறப்பையே பிடித்துக்கொண்டது. ஆய்வாளர்கள் பலர் இதைப் பிற்சேர்க்கை என்கிறார்கள். நம் பெரியவர்களுக்கு ஆய்வு தேவைப்படவில்லை. அவன் நம் வீட்டுப் பிள்ளை என்றே கும்பிடுகிறார்கள்.

இதுவும் ஒரு மந்திர அமைப்புதான். அதன் முதல் விதி: ஆற்றல் ரத்தத்தில் வரும். வளர்த்த கைக்கும் கற்ற தொழிலுக்கும் அதில் இடமில்லை. இந்த விதி ஊறிப்போனதால்தான் அந்த நான்கு கதைகளிலும் கிழவர் தானாக வந்து நின்றார்.

"ஏனுங்க அக்கா, கதைதானுங்களே? இதுலயுமா சாதி?" என்று ஒரு தம்பி கேட்டான். இதிலும்தான். ஏனென்றால் இந்த நாட்டில் மக்கள் முழுமையாக நம்பிய மந்திர அமைப்பு சாதி ஒன்றுதான். மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃப்ரேஸர் 'தொற்று மந்திரம்' என்று ஒன்றை விளக்குகிறார்: ஒருமுறை தொட்டுக்கொண்ட பொருள்கள் பிரிந்த பிறகும் ஒன்றையொன்று பாதிக்கும் என்ற நம்பிக்கை. எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தது ஏதோ தூரத்துத் தீவு அல்ல, டீக்கடையில் ஆணியில் தொங்கிய தனிக் குவளை. கழுவினாலும் போகாத ஏதோ ஒன்று அந்தக் குவளையில் இருப்பதாக ஒரு ஊரே நம்பியது. அந்த மந்திரத்துக்கு விதி இருந்தது, எல்லை இருந்தது, விலக்கும் இருந்தது. நாம் அறுத்த நெல்லுக்குத் தீட்டில்லை, நாம் தைத்த செருப்புக்குத் தீட்டில்லை. சாண்டர்சன் கேட்கும் தெளிவு அத்தனையும் அதில் உண்டு.

விலையைப் பற்றிப் பேசுவதென்றால் நந்தனாரைத்தான் சொல்லவேண்டும். பெரியபுராணத்தில் இறைவனே கனவில் வந்து தில்லைக்கு அழைக்கிறான். எல்லாம் வல்லவன். ஒரு சொல்லில் கதவைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தீ மூட்டச் சொல்கிறான். நந்தனார் அதில் இறங்கி, பூணூலணிந்த முனிவராக எழுந்து, பிறகுதான் உள்ளே போகிறார். கடவுள் தலையிட்டும் விதி மாறவில்லை, நந்தனாரின் உடல்தான் மாறவேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதோடு ஒரு வேதியர் பண்ணையையும் சேர்த்தார்: நாற்பது வேலி நிலத்தின் விளைச்சலை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர், ஒரே இரவில் தெய்வ அருளால் முடிந்துவிடுகிறது. பண்ணையாளின் முதுகொடிந்த உழைப்பு முழுவதும் அந்த ஒரு ராத்திரிக்குள் காணாமல்போகிறது. எங்களுக்கு அந்தத் தீயைவிட இந்த ராத்திரிதான் உறுத்துகிறது.

உழைப்பை மறைக்கும் இந்த வேலையை மந்திரக் கதைகள் உலகெங்கும் செய்கின்றன. ஹாரி பாட்டரின் ஹாக்வர்ட்ஸ் பள்ளியில் தட்டுகளில் சோறு தானாக நிரம்பும். நான்காவது புத்தகத்தில்தான் ஹெர்மயனிக்குத் தெரிகிறது, அது சமையலறையில் சம்பளமில்லாத வீட்டு எல்ஃப்களின் வேலை என்று. அவள் சங்கம் தொடங்குகிறாள், நண்பர்கள் சிரிக்கிறார்கள். (அந்தச் சிரிப்பு நமக்குப் பழகியதுதான்.) ஆர்.எஸ்.புரத்திலும் அப்படித்தான். ராத்திரி டி.பி. ரோட்டில் குவிந்த குப்பை காலையில் இல்லை. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அது மாயம். விடியுமுன் துடைப்பத்தோடு குனிந்தவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர்.

என்.கே. ஜெமிசின் இதைத் திருப்பிப்போட்டு எழுதினார். 2015-இல் வந்த 'தி ஃபிப்த் சீசன்' நாவலில் நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றலுள்ளவர்கள் இல்லாவிட்டால் அந்த நாடே பிழைக்காது. அவர்களைத்தான் அந்த நாடு வசைபெயர் சொல்லி அழைக்கிறது, சிறு வயதிலேயே பிடித்துப்போய் அடிமைப்படுத்துகிறது. ஆற்றல் இருந்தும் அதிகாரம் இல்லை. படிக்கும்போது நமக்கு நம்பிக்கை வருகிறது, ஏனென்றால் அந்த அமைப்பை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வரிசையின் மூன்று நாவல்களுக்கும் 2016 முதல் 2018 வரை அடுத்தடுத்து ஹியூகோ விருது கிடைத்தது. கறுப்பினப் பெண் தன் மக்களின் வரலாற்றிலிருந்து மந்திரம் செய்யலாம் என்றால், பறை காய்ச்சத் தெரிந்த, தோல் பதம் தெரிந்த, மருத்துவச்சிப் பாட்டிகள் இருந்த வீட்டுப் பிள்ளைகள் ஏன் காசிக்குப் போகவேண்டும்?

அதனால் அந்தக் கிழவரை வெட்டச் சொன்னோம். மூன்று பேர் முறைத்தார்கள். ஒரு தங்கச்சி மட்டும் புதிதாக எழுதி வந்தாள். அவள் கதையில் ஒரு பெரிய ஊர், ராத்திரியானால் அழுக்கு தானாக மறையும் ஊர். ஒருநாள் மறையவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசித் தெருவுக்கு வருகிறார்கள். வீட்டு வாசலில் நிற்கிறார்கள். உள்ளே வரலாமா என்று எப்படிக் கேட்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை, கேட்டுப் பழக்கமில்லை. உள்ளே ஒரு பாட்டி வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறாள். மீதியை அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறாளாம்.