வண்டியைக் கரைக்கிற மெசினும் 236 கலோரியும்

எங்கட பக்கத்து ஜிம் ஒன்றில றோயிங் மெசின் வந்து ஆறு மாதம் ஆகுது. சுவரில ஒரு போஸ்டர்: 'வண்டியைக் கரைக்கும் மெசின்'. அதுக்குக் கீழ, ஒரு மாதத்தில இத்தனை கிலோ எண்டு ஒரு கணக்கு. முதல் கிழமை ஆக்கள் வரிசையில நிண்டு வலிச்சினம். இப்ப அதில துவாய் காயுது.

மெசினில பிழை இல்லை. அந்தப் போஸ்டரில்தான் பிழை எண்டு நாங்கள் சொல்லுறம்.

உலகத்து ஜிம்களில கூடுதலாகக் காணுற கொன்செப்ட்2 மெசினையே எடுங்கோ. அமெரிக்காவின் வெர்மொன்ட்டில துடுப்புச் செய்து வித்த ட்ரைஸிகாக்கர் சகோதரர்கள் 1981இல் ஒரு சைக்கிள் சில்லை வைச்சு அதை உருவாக்கிச்சினம். குளிர்காலத்தில ஆத்தில இறங்கேலாத படகோட்டிகளுக்கு வீட்டுக்குள்ள ஒரு பயிற்சி வேணும், அவ்வளவுதான். வண்டியைப் பற்றின கதை பிறகு வித்தவையள் ஒட்டினது. வயித்தை ஆட்டினால் வயித்துக் கொழுப்புத்தான் கரையும் எண்டு ஒரு உடம்பும் ஒத்துக்கொள்ளாது. கொழுப்பு எங்க இருந்து போகவேணும் எண்டதை நாங்கள் தீர்மானிக்கேலாது.

அதைவிட மோசம் திரையில ஓடுற கலோரி இலக்கம். எங்களில ஒருத்தி, 55 கிலோ, அந்த இலக்கத்தை வைச்சுத்தான் இரவுச் சாப்பாட்டைத் தீர்மானிச்சாள். 300ஐத் தொட்டால் இடியப்பம், தொடாட்டில் வெறும் தேத்தண்ணி. மூன்றாம் கிழமை மெசினால எழும்பேக்க தலை சுத்தி விழுந்தாள். "பழகினால் சரியாகும் தங்கச்சி" எண்டார் பயிற்சி குடுக்கிறவர்.

அந்த இலக்கம் அவளுடையதே இல்லை. கொன்செப்ட்2 திரை, வலிக்கிற ஆள் 175 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 79 கிலோ எண்டு வைச்சுத்தான் கணக்குப் போடுது. 50 வாட்டில அரை மணித்தியாலம் வலிச்சால் ஆருக்கும் 236 எண்டுதான் காட்டும். அதே கொம்பனி தாற எடைத் திருத்தத்தைப் போட்டுப் பாத்தால் 55 கிலோ ஆளுக்கு 190தான் வரும். வித்தியாசம் மூன்று தேக்கரண்டி சீனி. அந்தளவு சீனி எங்கட வீடுகளில ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குள்ளயே கரைஞ்சு போகுது! இந்தத் துல்லியத்தை நம்பி ஒரு பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள்.

பெடியளின்ர கதை வேற. பக்கத்தில இருக்கிற நெம்பை 10இல வைச்சிட்டு முதுகால இழுக்கினம். அந்த 1 தொடக்கம் 10 வரையான இலக்கம் சில்லுக்குள்ள எவ்வளவு காத்துப் போகுது எண்டதை மட்டும்தான் மாத்தும். கனதியாய் இழுத்தால் கூடக் கரையும் எண்டில்லை. இது காலால தள்ளுற மெசின். முதல் கால், பிறகு முதுகு, கடைசியாக் கை. திரும்பி வரேக்க கை, முதுகு, கால். இதைச் சொல்லித் தர ஐஞ்சு நிமிசம் போதும். போஸ்டர் ஒட்ட நேரமிருந்தவைக்கு அந்த ஐஞ்சு நிமிசம் கிடைக்கேல்ல.

"அப்ப எடையே குறைக்க வேண்டாமோ?" எண்டு கேப்பீங்கள். குறைக்க வேண்டிய ஆக்கள் இருக்கினம். சீனி வருத்தம் இல்லாத வீடு எங்கட ஒழுங்கையில குறைவு. ஆனா எடையில பெரிய பங்கு கோப்பையில இருக்கு, மெசினில இல்லை. ஒரு கிலோவும் குறையாட்டிலும் ஒழுங்கான பயிற்சியால இன்சுலின் நல்லா வேலை செய்யும், மூச்சுப் பிடிக்கும், கால் பலக்கும். இருந்துகொண்டு செய்யுறதால ஓடேலாத முழங்காலுக்கும் வசதி. இவ்வளவும் கிடைச்ச ஆளைப் பாத்து அந்தப் போஸ்டர் 'நீ தோத்திட்டாய்' எண்டு சொல்லுது. அவரும் தராசைப் பாத்திட்டு வீட்டை போறார். வீட்டில "என்ன பிள்ளை, இன்னும் மெலியேல்லையோ" எண்டு கேக்க மாமிமார் இருக்கினம். அந்தக் கேள்விக்குக் காசு வாங்கிற இடமாத்தான் ஜிம் மாறியிருக்கு.

போன கிழமை நாங்கள் நாலு பேர் போய் முகாமையாளரிட்ட போஸ்டரைக் கழட்டச் சொன்னம். "அதைப் பாத்துத்தானே தம்பி ஆக்கள் சேருகினம்" எண்டார். சேர்ந்தவையள் எங்க எண்டு கேட்டம். துவாய் காயுற பக்கம் பாத்தார்.

எங்கட சிநேகிதி திரும்ப வலிக்கிறாள். இரவில சாப்பிடுறாள். திரையில கலோரி வாற இடத்தில ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருக்கு.