நிர்வாகம் பிறவிக் குணமா?

நமது நாட்டில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ணுவதில்லை. "லாபம்" என்று சொல்லி அளந்துவிட்டு, அப்புறந்தான் "ரெண்டு" என்பார்கள். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் இருப்பது பிள்ளையார் சுழி. ஆயுத பூஜை வந்துவிட்டாலோ தறிக்கும், தராசுக்கும், லாரிக்கும் சந்தனம், குங்குமம், பொரி, பூசணிக்காய்! பூஜை முடிந்த மறுநாள், "ஐயா, இந்தத் தறிக்குக் கடைசியாக எண்ணெய் விட்டது என்றைக்கு? போன மாதத்தில் இது எத்தனை நாள் பழுதாய் நின்றது? அதனால் எத்தனை கெஜம் துணி போயிற்று?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லுவதற்கு ஆளும் இருக்காது. எழுதி வைத்த காகிதமும் இருக்காது. லாபத்தை வாயால் எண்ணுகிறார்களே ஒழிய, நஷ்டத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்டாலோ, "தொழில் என்பது கைராசி, அது அந்தந்த ஜாதிக்கு ரத்தத்திலேயே ஊறி வரவேண்டும்" என்று பதில் வருகிறது.

இந்தக் கைராசி, ரத்தம் என்கிற இரண்டு வார்த்தைகளையும் பரீட்சையில் வைத்துப் பார்த்த சங்கதி ஒன்றை இந்த வாரம் நமது வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பம்பாய்க்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் என்ற ஊர்களின் பக்கத்தில் துணி நெய்யும் ஆலைகள் பல இருக்கின்றன. 2008-ம் வருஷத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தையும் உலக வங்கியையும் சேர்ந்த சில ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். எடுத்துக்கொண்டது 17 கம்பெனிகள். ஒன்றுவிடாமல் எல்லாம் குடும்பச் சொத்தாக நடக்கிறவை. அவற்றை இரண்டு பிரிவாக்கினார்கள். 11 கம்பெனிகளுக்கு நிர்வாகம் தெரிந்த ஆலோசகர்களை இலவசமாக அனுப்பி, ஒரு மாதம் குறைகளைப் பார்த்துச் சொல்லவும், பின்னும் நான்கு மாதம் கூடவே இருந்து திருத்திக் கொடுக்கவும் செய்தார்கள். மற்ற 6 கம்பெனிகளுக்குக் குறையைச் சொன்னதோடு சரி. எந்தக் கம்பெனி எந்தப் பிரிவு என்பதை யாருடைய தயவும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிரித்தார்கள். இதுதான் இதில் முக்கியம். வேண்டியவனுக்குக் கொடுத்து, "பார், அவன் உயர்ந்துவிட்டான்" என்று சொல்லுவது ஜோசியம். பாரபட்சமின்றிப் பிரித்து, கொடுத்தவனையும் கொடாதவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளப்பது ஆராய்ச்சி.

உள்ளே போனவர்கள் கண்டது என்ன? நூல் மூட்டைகள் பேர்ச்சீட்டு இல்லாமல் குவிந்து கிடந்தன. கருவிகள் இறைந்து கிடந்தன. தரையெல்லாம் குப்பையும் பஞ்சும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேலையாட்கள் நெய்த துணியில் பழுது பார்ப்பதிலும் அதை ஒக்கிடுவதிலுமே காலம் கழித்தார்கள். பழுது எந்தத் தறியில், எதனால் வந்தது என்று எழுதி வைக்கிற வழக்கமோ அபூர்வம். ஆலோசகர்கள் கொண்டுபோன மருந்து ஒன்றும் ரகசியமானதல்ல. தறி நின்றால் நின்ற காரணத்தை எழுது, பழுதை எழுது, எழுதியதைத் தினமும் உட்கார்ந்து பார், கிடங்கில் உள்ளதை எண்ணு, தரையைச் சுத்தமாக வை, நன்றாக வேலை செய்கிறவனுக்கு அதற்கேற்ற பரிசு கொடு. இப்படியாக மொத்தம் 38 பழக்கங்கள், அவ்வளவுதான். இதில் எந்த ஒன்றுக்காவது மந்திரம் வேண்டுமா? நாளும் நட்சத்திரமும் வேண்டுமா? பரம்பரை ரத்தம் வேண்டுமா?

பலன் என்னவென்றால், முதல் வருஷத்திலேயே உற்பத்தித் திறன் நூற்றுக்கு 17 வீதம் உயர்ந்தது. துணியில் பழுது நூற்றுக்கு 40-க்கு மேல் குறைந்தது. கிடங்கில் சரக்குத் தேக்கம் குறைந்தது. ஆலை ஒன்றுக்கு வருஷத்துக்கு 3 லட்சம் டாலருக்குமேல் லாபம் கூடியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். மூன்று வருஷத்துக்குள் அந்தக் கம்பெனிகள் புது ஆலைகளும் திறந்தன. முடிவு 2013-ல் அச்சில் வெளிவந்தது.

இவ்வளவு லாபம் காலடியில் கிடந்தபோது அந்த முதலாளிகள் ஏன் இத்தனை காலம் குனிந்து எடுக்கவில்லை? "கெட்டிக்கார வியாபாரி லாபத்தை விட்டுவிடுவானா?" என்று பொருளாதாரப் படிப்பாளிகளே கேட்பதுண்டு. ஆராய்ச்சிக்குக் கிடைத்த பதில் மிகவும் சாதாரணமானது. சில பழக்கங்களை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவற்றையோ, "நமக்கு எதற்கு? பக்கத்து ஆலையைப் பார்த்தால் நமது சரக்கு மோசமா?" என்று தள்ளிவிட்டார்கள். அறியாமை ஒன்று, அறிந்ததில் அவநம்பிக்கை மற்றொன்று. பத்துத் தலைமுறை வியாபார ரத்தத்தால் தீராத இந்த இரண்டும் ஐந்து மாதப் பாடத்தில் பெரிதும் தீர்ந்தன என்றால், நிர்வாகம் என்பது ரத்தமா, படிப்பா? தோழர்களே யோசித்துப் பாருங்கள்.

இதற்குமேல் ஒரு வேடிக்கையும் அந்த ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. ஒரு கம்பெனி எவ்வளவு பெரிதாகலாம் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது எது தெரியுமா? மூலதனமா? சரக்கின் தரமா? முதலாளியின் புத்தியா? ஒன்றுமில்லை. குடும்பத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் என்பதுதான்! ஆலைக்கு ஓர் அண்ணன், தம்பி, மகன் என்று வைத்தால் மூன்று ஆண்பிள்ளைக்கு மூன்று ஆலை. நாலாவது வேண்டுமானால் நாலாவது பிள்ளை பிறந்து வளரவேண்டும். சம்பளத்துக்கு வைத்த மானேஜர் இருபது வருஷம் உழைத்தாலும் பெரிய காரியத்தில் அவருக்கு அதிகாரம் இல்லை. மகளோ கணக்கிலேயே இல்லை. புத்திர பாக்கியம் இல்லாவிட்டால் நரகம் என்று சொன்ன சாஸ்திரம், புத்திர பாக்கியம் இல்லாவிட்டால் தொழிலும் இல்லை என்கிற இடத்தில் வந்து நிற்கிறது.

இதில் முதலாளிகளை மாத்திரம் பழிப்பது நமது நோக்கமல்ல. அந்நியன் கையில் பெட்டிச்சாவியைக் கொடுத்தால் திருடிவிடுவான், வழக்குப் போட்டால் கோர்ட்டில் ஆயுசு முழுவதும் கழியும் என்பது அவர்களுடைய பயம். அந்தப் பயம் முழுப்பொய் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அதற்குப் பரிகாரம் நல்ல கணக்கும், வேகமான நியாயஸ்தலமுமே தவிர, இன்னொரு ஆண்பிள்ளைக்குத் தவம் கிடப்பதல்ல. கணக்கு எழுதாத இடத்தில்தான் திருட்டு வளரும். எழுதி, தினம் பார்க்கிற இடத்தில் அண்ணன் தம்பியே திருட முடியாது.

குடும்ப ஆலையில் நடப்பது இப்படியென்றால், பெரிய கம்பெனிகளில் நடப்பது என்ன? இதையும் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இந்தியாவின் பெரிய கம்பெனிகள் 1000-த்தின் டைரக்டர்களை ஜாதிவாரியாக எண்ணிப் பார்த்தது. நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவர்கள் மேல்ஜாதிக்காரர்கள். அதிலும் பார்ப்பனரும் வைசியருமே மிகப் பெரும்பான்மை. "திறமை இருந்தால் யாரும் வரலாமே, யார் தடுத்தார்கள்?" என்பார்கள். அதற்கும் விடை வைத்திருக்கிறோம். 2007-ல் சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தனியார் கம்பெனிகளுக்கு மனுக்கள் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றுபோல. பெயர் மாத்திரம் வேறு. ஒன்றில் மேல்ஜாதிப் பெயர், ஒன்றில் தாழ்த்தப்பட்டவர் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். தாழ்த்தப்பட்டவர் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு வருவது குறைவாகவே இருந்தது. ஆளைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்க்கவில்லை. பெயரைப் பார்த்தே திறமை தெரிந்துவிட்டது! இதற்குப் பெயர் திறமையானால், பஞ்சாங்கத்துக்குப் பெயர் விஞ்ஞானம் என்று வைத்துவிடலாம்.

இனி, "நிர்வாக சாஸ்திரம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு ஒத்துவராது" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆமதாபாத்தில் 1947-ல் துணி ஆலைகளுக்கென்று ஓர் ஆராய்ச்சிச் சங்கம் ஏற்பட்டது. நமது கோயமுத்தூரில் 1956-ல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் ஏற்பட்டது. நாட்டுக்காரர்களே செய்கிற காரியந்தான் இது. வெளியிலிருந்து வந்தவனும் கண்ணைத் திறந்து பார்த்தால் நல்லதே நடக்கும். 1953-ல் லண்டனிலிருந்து ரைஸ் என்பவர் ஆமதாபாத்தில் ஓர் ஆலைக்கு வந்தார். அங்கே புதுத் தறிகள் வந்தும் உற்பத்தி ஏறவில்லை. ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு துண்டு வேலையைச் செய்துகொண்டு, யாருக்கு யார் துணை என்று தெரியாமல் திண்டாடுவதைக் கண்டார். "சில தறிகளுக்கு ஒரு குழு, அந்தத் தறிகளுக்கு அந்தக் குழுவே பொறுப்பு" என்ற யோசனை வந்ததும், தொழிலாளிகள் தாங்களாகவே குழு சேர்ந்துகொண்டார்கள். உற்பத்தி உயர்ந்தது, பழுது குறைந்தது. "சோம்பேறிகள்" என்ற பேச்சு அன்றைக்குச் செத்தது. அந்த முறை பிற்காலத்தில் சில கொட்டகைகளில் நிலைத்தது. சிலவற்றில் பழைய முறைக்கே திரும்பிப் போயிற்று.

பெங்களூரில் தைப்பு ஆலைகளில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியையும் கேளுங்கள். மின்சாரச் செலவு மிச்சமாகட்டும் என்று பழைய குழல் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகள் போட்டார்கள். அவை சூடு குறைவாக வீசுகிறவை. வெயில் கடுமையான நாட்களில் வேலைத் திறன் உயர்ந்திருப்பது பிறகு கணக்கில் தெரிந்தது. அங்கே தைக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். "வெயில் காலத்தில் பொம்பளைகள் வேலை செய்வதில்லை" என்று ஒரு மேஸ்திரி திட்டியிருந்தால் அது ஒரு காசு பெறாத பேச்சு. தலைக்குமேல் எரிந்த விளக்கை அளந்து பார்த்தது கோடி பெறுகிற காரியம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு நமது ஆக்ஷேபனைகளையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, இந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் இங்கிலீஷில் எழுதப்பட்டு, இங்கிலீஷ் தெரிந்தவர்களே படிக்கிற பத்திரிகைகளில் அடங்கிவிடுகின்றன. 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் அமெரிக்கக் கலாசாலைகளின் உதவியோடு நிர்வாகக் கழகங்கள் ஏற்பட்டன. அங்கே படித்தவர்கள் பெரிய பதவிக்குப் போகிறார்கள், போகட்டும். கரூரில் நாலு தறி வைத்திருப்பவனும், திருப்பூரில் பத்துத் தையல் இயந்திரம் வைத்திருப்பவனும் அந்த 38 பழக்கங்களை எந்த பாஷையில் படிப்பது? தர்ப்பைக்கட்டுக்காரன் வேதத்தைச் சமஸ்கிருதத்தில் பூட்டினான் என்று நாம் கண்டிக்கிறோமே, நிர்வாக அறிவை இங்கிலீஷில் பூட்டுவது மாத்திரம் நியாயமா?

இரண்டாவது, உற்பத்தி நூற்றுக்கு 17 உயர்ந்தது என்று கணக்குச் சொல்லுகிறவர்கள், அதில் தறியில் நிற்கிறவனுக்குச் சேரவேண்டிய பங்கு எவ்வளவு என்பதையும் அதே பெரிய எழுத்தில் எழுதவேண்டும். பழுதை எழுதி வைத்தவன் அவன். தரையைக் கூட்டியவன் அவன். லாபம் மாத்திரம் மாடிக்கு ஏறினால், அந்த நோட்டுப் புத்தகத்தை அவன் எத்தனை நாளைக்கு மனதார எழுதுவான்?

மூன்றாவது, மேற்சொன்ன ஆலைகளுக்கு 2017-ல் திரும்பவும் போய்ப் பார்த்தபோது, புகுத்திய பழக்கங்களில் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தன. மானேஜர் மாறினார், பழக்கமும் போயிற்று. முதலாளிக்கு நேரமில்லை, பழக்கமும் போயிற்று. ஆயினும் பாடம் கற்ற ஆலைகள் கல்லாத ஆலைகளைவிட அப்போதும் முன்னேதான் இருந்தன. ஆகவே பாடம் வீணாகவில்லை. ஆனால் நல்ல பழக்கம் ஒரு மனிதனோடு வந்து ஒரு மனிதனோடு போகிறவரை அதற்கு ஆயுசு கெட்டியில்லை. அது எல்லோருடைய அறிவாகவும் இருந்தால்தான் நிலைக்கும்.

நாம் வாசகர்களுக்குச் சொல்லுவது இதுதான். பெட்டிக்கடை வைத்திருந்தாலும் சரி, தறி வைத்திருந்தாலும் சரி, எட்டணா நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள் என்று அந்தக் காலமாயிருந்தால் சொல்லியிருப்போம். இன்று விலை கூடியிருந்தாலும் பூசணிக்காயைவிட மலிவுதான். இன்று என்ன பழுதாயிற்று, ஏன் ஆயிற்று என்று எழுதுங்கள். வேலை செய்கிறவனைக் கேட்டு எழுதுங்கள். மகனோடு மகளையும் உட்கார வைத்துக் கணக்கைப் படியுங்கள். திறமையுள்ளவன் வேறு ஜாதியானாலும் சாவியைக் கொடுத்துப் பரீட்சித்துப் பாருங்கள். நாம் சொன்னோம் என்பதற்காகச் செய்யவேண்டாம். மூன்று மாதம் செய்து, முன்னிருந்ததையும் பின் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள்.

எண்ணும்போது மாத்திரம், முதலாவதை "லாபம்" என்று சொல்லாமல் "ஒன்று" என்றே சொல்லுங்கள். அதிலிருந்துதான் கணக்கு ஆரம்பமாகிறது.